மூடி இல்லாத உலை

மும்பையை அடுத்த ட்ராம்பேயில், 1956 ஆகஸ்ட் 4 அன்று இந்தியாவின் முதல் அணு உலையில் தொடர்வினை தொடங்கியது. சோவியத் ஒன்றியத்தை ஒதுக்கிவிட்டால் ஆசியாவுக்கே அதுதான் முதல் உலை. அடுத்த ஜனவரியில் நேரு அதற்கு ‘அப்சரா’ என்று பெயர் சூட்டினார்.

கூடங்குளத்துக் குவிமாடங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்சராவின் படம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஒரு கூடம். அதற்குள் 8.4 மீட்டர் நீளமும் 2.9 மீட்டர் அகலமும் 8 மீட்டர் ஆழமும் உள்ள கான்கிரீட் தொட்டி. அதில் நிறையத் தண்ணீர். மேலே மூடி கிடையாது. தொட்டியின் குறுக்கே நகரும் ஒரு மேடையிலிருந்து, எரிபொருள் அடங்கிய உலையின் மையம் தண்ணீருக்குள் தொங்கியது. உலை ஓடும்போதே விளிம்பில் நின்று எட்டிப் பார்க்க முடிந்தது. அடியில் நீல ஒளி தெரிந்தது. தண்ணீரில் ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சி எலெக்ட்ரான்கள் பாயும்போது உண்டாகும் ஒளி அது. செரன்கோவ் கதிர்வீச்சு என்பார்கள்.

எட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் ஆகாதா? ஆகாது. காரணம் அந்தத் தண்ணீர்தான். மையத்துக்கு மேல் பல மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், கதிர்வீச்சை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. எரிபொருள் தட்டுகளுக்கு இடையே ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்வதும் அதே தண்ணீர். மூன்றாவதாக ஒரு வேலையும் செய்கிறது. யுரேனிய அணு பிளந்ததும் தெறிக்கும் நியூட்ரான்கள் மிக வேகமானவை. அந்த வேகத்தில் அவை அடுத்த அணுவைப் பிளப்பது அரிது. ஒரு கோலிக்குண்டு அதே எடையுள்ள இன்னொன்றில் நேராக மோதினால் நின்றுவிடும் அல்லவா? தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் கருவும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே எடை. சில மோதல்களிலேயே நியூட்ரான் தளர்ந்து, பிளவுக்கு ஏற்ற வேகத்துக்கு இறங்கிவிடும்.

இந்த மூன்றாவது வேலையில்தான் பாதுகாப்பின் சூட்சுமம் இருக்கிறது. உலை அளவு மீறிச் சூடானால் தட்டுகளுக்கு இடையிலுள்ள தண்ணீர் ஆவியாகி விலகும். தண்ணீர் விலகினால் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க ஆளில்லை; தொடர்வினை தானாகவே அடங்கிவிடும்.

அமெரிக்காவின் ஐடஹோ பாலைவனத்தில் ‘போராக்ஸ்’ என்ற சிறு உலையை வைத்து இதைச் சோதித்தார்கள். நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினையை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை வேண்டுமென்றே சட்டென்று வெளியே இழுத்தார்கள். தண்ணீர் பீறிட்டது, உலை அணைந்தது, எரிபொருள் பிழைத்தது. திரும்பத் திரும்ப அப்படியே. கடைசியாக 1954 ஜூலையில், உலை உடைந்தாலும் சரி என்று துணிந்து, மிக வலிய தண்டு ஒன்றை ஒரேயடியாக வெளியேற்றினார்கள். கணக்குப் போட்டதைவிடப் பெரிதாக வெடித்து உலையே சிதறியது. ஆக, தண்ணீரின் இயல்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதனால்தான் தண்டுகளை மெதுவாக மட்டுமே மேலே தூக்க முடியும்படி அமைக்கிறார்கள். கீழே விழுவதற்கு அந்தத் தடை இல்லை. மின்சாரம் போனால் பிடி விட்டு, சொந்த எடையிலேயே விழுந்து தொடர்வினையை நிறுத்திவிடும்.

உலையை நிறுத்தினாலும் சூடு உடனே நிற்பதில்லை. பிளவில் உண்டான துணுக்குகள் சிதைந்துகொண்டே வெப்பம் தரும். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைக் கெடுத்தது இந்த மிச்ச வெப்பம்தான். கூடங்குளத்தின் ஓர் உலை சுமார் 3,000 மெகாவாட் வெப்பம் தருவது. அப்சரா தந்ததோ அதிகபட்சம் 1 மெகாவாட். அப்சராவை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து மிஞ்சிய வெப்பம் சுமார் 15 கிலோவாட். தொட்டியிலுள்ள ஏறத்தாழ 200 டன் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற அதற்கு அரை நாளுக்கு மேல் வேண்டும். என்னைக் கேட்டால், மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட இந்தச் சிறிய உருவம்தான் பெரிய காவல்.

அதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது. இத்தகைய தொட்டிக்கு முதல் எதிரி, தண்ணீர் வடிவது. அதனால் குழாய் உடைந்தாலும் தண்ணீர் மையத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்காதபடி குழாய்களை உயரத்தில் பொருத்துவார்கள். இரண்டாவது எதிரி, தண்ணீரில் விழும் குப்பை. 1963இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வு உலையில் ஒரு ரப்பர் கேஸ்கெட் துண்டு எரிபொருளின் நீர்வழியை அடைத்துக்கொள்ள, தட்டின் ஒரு பகுதி உருகியது. மூடியில்லாத தொட்டி என்பதால் இந்தக் கவலை இன்னும் கூடுதல். விளிம்பில் வேலை செய்பவர் சட்டைப்பையில் பேனாகூட வைத்திருக்கக் கூடாது என்றால் அது வெறும் கெடுபிடி அல்ல.

தண்ணீரின் தூய்மையும் முக்கியம். உப்பு கலந்தால் எரிபொருளின் அலுமினிய உறை அரிக்கும்; அரித்தால் கதிரியக்கப் பொருள் வெளியே கசியும். உப்பை நீக்கும் ரெசின் வடிகட்டிகள் அதற்காகத்தான்.

இத்தகைய உலைகள் மின்சாரம் தயாரிப்பதில்லை. இவற்றிலிருந்து வேண்டியது நியூட்ரான்கள்: மருத்துவத்துக்கான ஐசோடோப்புகள் தயாரிக்க, பொருள்களின் உள்ளமைப்பைப் படமெடுக்க, ஆட்களைப் பழக்க. அப்சரா 2009இல் ஓய்வு பெற்றது. அதன் வாரிசான 2 மெகாவாட் ‘அப்சரா-யு’ 2018 செப்டம்பர் 10 அன்று ட்ராம்பேயிலேயே இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் குறைந்த அளவே செறிவூட்டிய யுரேனியம்.