குஞ்சுக் கோழியின் குடலுக்குள் நடக்கும் சண்டை

கோழிக்குக் கடன் எடுத்த உறுப்பினர்களைக் கேட்டால் ஒரே பேச்சுதான்: "முதல் ரெண்டு வாரம் தாண்டிட்டா போதும்க்கா, அப்புறம் அது பாட்டுக்கு வளர்ந்துடும்." அது உண்மைதான். ஆனால் ஏன் அந்த ரெண்டு வாரம்?

குஞ்சுகளைக் கொல்லும் குடல் கிருமிகளில் முக்கியமானது சால்மோனெல்லா என்ற பாக்டீரியா. அதில் புல்லோரம் என்ற வகை வந்தால் குஞ்சு தூங்கி விழும், சுண்ணாம்பு மாதிரி கழியும், பின்புறம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்ளும். நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்வது ராணிக்கெட் நோய். அது வைரஸால் வருவது, இது வேறு. ராணிக்கெட்டுக்கு ஏழாம் நாள் விடும் சொட்டு மருந்து இதைத் தடுக்காது. "மருந்து விட்டும் செத்துப்போச்சே" என்று பலர் வருத்தப்படுவது இந்தக் குழப்பத்தால்தான்.

தீவனத்தோடும் தண்ணீரோடும் உள்ளே போன கிருமி, குடலின் கடைசியில் ரெண்டு பை மாதிரி இருக்கும் குருட்டுக்குடலில் பெருகும். குடல் சுவரில் அது நுழைந்த சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து ஹெட்டரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் ஓடிவந்து கிருமியை விழுங்கும். பின்னாலேயே மேக்ரோபேஜ் என்ற பெரிய அணுக்கள் வரும். பிறந்த குஞ்சுக்கும் இவை உண்டு. ஆனால் முதல் வாரத்தில் விழுங்கும் வேகமும் கொல்லும் சக்தியும் குறைவு. ஆள் இருக்கு, பலம் இல்லை.

இன்னொரு தொல்லை, சால்மோனெல்லா மேக்ரோபேஜின் வயிற்றுக்குள் சாகாமலே குடியிருக்கும். அதிலேயே சவாரி செய்து ஈரல், மண்ணீரல் வரை போய்விடும். புல்லோரத்தில் பிழைத்த பெட்டை வளர்ந்து முட்டையிட்டால் அதன் வழியே குஞ்சுக்கும் கிருமி போகும். பிழைத்ததே பெரிசு என்று அந்த முட்டையை அடை வைக்காதீர்கள்.

கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்யும் 'பி' அணுக்கள், எச்சத் துவாரத்துக்கு மேலே உள்ள பர்சா என்ற சின்னப் பையில் முதிர்கின்றன. 1956-ல் அமெரிக்காவில் புரூஸ் கிளிக், திமோதி சாங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பையை நீக்கிய கோழிகளுக்கு சால்மோனெல்லா ஊசி போட்டும் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. மனிதர் ரத்தத்தில் 'பி' அணு என்று சொல்வதும் இந்தக் கோழிப் பையின் முதல் எழுத்துதான்! கம்போரோ நோய் தாக்குவது இந்தப் பையைத்தான். அதற்கான தடுப்பு மருந்தைத் தவறவிட வேண்டாம்.

இந்தப் படை தயாராகும் வரை, தாய்க்கோழி மஞ்சள் கருவில் கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள்தான் கைச்செலவு. ரெண்டு மூணு வாரத்தில் அதுவும் தீர்ந்துவிடும்.

அடைகோழியிடம் பொரித்த குஞ்சுக்கு இன்னொரு சீதனமும் உண்டு. தாயோடு கிளறித் தின்னும்போது நல்ல பாக்டீரியாக்கள் குடலில் இடம் பிடித்துவிடும், கெட்டதுக்கு இடமிருக்காது. இன்குபேட்டர் குஞ்சின் குடல் காலி வீடு. 1973-ல் பின்லாந்தில் நூர்மி, ரன்டாலா என்பவர்கள், வளர்ந்த கோழியின் குடலில் உள்ளதைக் குஞ்சுக்குக் கொடுத்து சால்மோனெல்லாவைத் தடுத்துக் காட்டினார்கள். அதற்காக நம் வீட்டுக் கோழி எச்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அதிலேயே நோயும் இருக்கலாம்.

நம் கையில் இருப்பது சூடும் சுத்தமும். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரம் 5 டிகிரி குறைக்கலாம். பல்புக்கு அடியில் குவிந்து கிடந்தால் குளிருது, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். தண்ணீர்த் தட்டை தினமும் கழுவுங்கள், நனைந்த உமியை உடனே அள்ளுங்கள்.

கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் பவுடரைத் தண்ணீரில் கலக்குவது வேண்டாம். நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். செத்த குஞ்சைக் குப்பையில் எறியாமல், பாலிதீன் பையில் கட்டி அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அறுத்துப் பார்த்தால் பாக்டீரியாவா, வைரஸா, ரத்தக்கழிச்சலா என்று பிரித்தறிந்து மருந்து சொல்வார்.