கால்களுக்கு வேலை தரும் விமானம் எது?

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் முதலில் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்குகிறார்கள். கொஞ்சம் பழகியதும் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது: மேசைக்கடியில் வைத்துக் காலால் மிதிக்கும் ரடர் பெடலையும் வாங்கலாமா? நல்ல பெடல் தொடக்கநிலை ஜாய்ஸ்டிக்கைவிடப் பல மடங்கு விலை. இடத்தையும் அடைத்துக்கொள்ளும். நிஜ விமானத்தில் பெடல் இருக்கும்போது வீட்டிலும் இருக்கத்தானே வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். வெறும் ஆடம்பரம் என்று வேறு சிலர் தள்ளிவிடுகிறார்கள். விமானம் என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்று இரு தரப்பாரும் எண்ணுவதுதான் சிக்கல். நீங்கள் ஓட்டும் விமானம் எது, அது உங்கள் கால்களிடம் எவ்வளவு வேலை கேட்கிறது என்று பார்த்தால் விடை பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

ரடர் என்பது வாலில் செங்குத்தாக நிற்கும் துடுப்பின் பின்விளிம்பில் அசையும் பலகை. வலது பெடலை மிதித்தால் மூக்கு வலப்பக்கம் போகும். அதனால் விமானத்தைத் திருப்புவதே ரடர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் திருப்புவது இறக்கை. விமானம் ஒரு பக்கம் சாயும்போது இறக்கையின் தூக்குவிசையும் சேர்ந்து சாய்ந்து விமானத்தை அந்தப் பக்கம் இழுக்கிறது. ஆனால் சாய்ப்பதற்கு ஒரு விலை உண்டு. உயர வேண்டிய இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான ஏலரான் கீழே இறங்கும். அங்கே தூக்குவிசையோடு இழுவையும் கூடும். அந்த இழுவை மூக்கைத் திருப்பத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுக்கும். ரைட் சகோதரர்களின் 1901ஆம் ஆண்டுக் கிளைடரில் வால் துடுப்பே கிடையாது. இறக்கையை முறுக்கிச் சாய்த்தால் கிளைடர் எதிர்ப்பக்கம் முரண்டு பிடித்தது. 1902இல் முதலில் அசையாத துடுப்பைப் பொருத்தினார்கள். அது போதாமல் அதை அசையும் ரடராக மாற்றி, இறக்கை முறுக்கும் விசையோடு இணைத்தார்கள். மூக்கை நேர்ப்படுத்துவதுதான் ரடருக்கு அன்று தரப்பட்ட வேலை. இன்றும் காற்றில் அதன் முதன்மையான வேலை அதுவே.

அந்த வேலை எவ்வளவு என்பது விமானத்துக்கு விமானம் பெரிதும் மாறுகிறது. நீண்ட இறக்கை கொண்ட கிளைடரில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கால் வேண்டும். பழைய டைகர் மாத் போன்ற இரட்டை இறக்கை விமானங்களிலும் அப்படித்தான். செஸ்னா 172இல் ஏலரான்களின் வடிவமைப்பே இந்த முரண்டைக் கணிசமாகக் குறைத்துவிடுகிறது. பறக்கும்போது காலைச் சோம்பலாக வைத்திருந்தாலும் பெரிய விபரீதம் வராது. ஆனால் அதே செஸ்னா ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது கதை வேறு. விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் அதன் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது கிளப்பும் சுழல்காற்று வால் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதுகிறது. எஞ்சினின் எதிர்முறுக்கும் சேர்ந்துகொள்ள, மூக்கு இடப்பக்கம் ஓடும். வலது கால் அதை அளந்து தடுத்தாக வேண்டும். இரண்டாம் உலகப்போர் காலத்துப் போர் விமானங்களில் இது பன்மடங்கு. மெர்லின் எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயர் இடப்பக்கம் இழுக்கும். பின்னால் வந்த கிரிஃபன் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றுவதால் அந்த ஸ்பிட்ஃபயர் வலப்பக்கம் இழுக்கும். இவற்றுக்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருப்பதால் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. மூக்கு சற்றே விலகினால் அந்த விலகல் தானாகவே வளர்ந்து விமானத்தைச் சுழற்றிவிடும். இறங்கி நிற்கும்வரை கால்களுக்கு ஓய்வில்லை.

ஹெலிகாப்டரில் பெடல் இன்னும் அடிப்படையான வேலையைச் செய்கிறது. அங்கே அது வால் சுழலியின் விசையைக் கூட்டிக் குறைக்கிறது. ஏற்ற இறக்கத்துக்கான கலெக்டிவ் நெம்புகோலை உயர்த்தினால் மேல் சுழலிக்குச் சக்தி கூடும், உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அமெரிக்க ஹியூயியில் இடது காலும், மேல் சுழலி எதிர்த்திசையில் சுற்றும் ரஷ்ய எம்ஐ-8இல் வலது காலும் உடனே ஈடுகொடுக்க வேண்டும். இடது கை, வலது கை, இரு கால்கள் என்று எல்லாமே ஒரே கணத்தில் சிறிது சிறிதாக அசைந்துகொண்டிருப்பதுதான் அந்தரத்தில் நிற்கும் கலை. கால் மிதிக்கக் கையால் துணி நகர்த்தும் தையல்காரருக்குப் போல, கை கால்களின் வேலை தனித்தனியாகப் பழகினால்தான் அது வசப்படும்.

மறுமுனையில் இருப்பது ஏர்பஸ் ஏ320. பறக்கும்போது திருப்பத்தில் மூக்கை நேர்ப்படுத்துவதைக் கணினியே செய்துவிடுகிறது. தரையில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது மூக்குச் சக்கரத்தைத் திருப்பக் கையருகே தனிப்பிடி இருக்கிறது. ஓடுபாதையில் வேகமாகச் செல்லும்போதும், பக்கக்காற்றில் இறங்கும்போதும், ஓர் எஞ்சின் நின்றுபோனாலும்தான் காலுக்கு வேலை. தேவையில்லாமல் பெடலை மிதிப்பது பெரிய விமானத்தில் ஆபத்தும்கூட. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம், முன்னால் சென்ற விமானத்தின் சுழல்காற்றில் சிக்கியபோது துணை விமானி பெடலை இருபுறமும் மாறி மாறி அழுத்தியதில் வால் துடுப்பே முறிந்து விழுந்தது. 265 பேர் இறந்தார்கள். அந்த ஏ300 ரகத்தின் பெடல் அமைப்பும் விமான நிறுவனத்தின் பயிற்சி முறையும் இதற்குத் துணைக் காரணங்கள் என்று விசாரணை கண்டது. ஆகவே சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏ320 ஓட்டுவதே இன்பம் என்று இருப்பவர் பெடலுக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் நல்ல த்ராட்டில் தொகுதிக்குக் கொடுப்பது நியாயம்.

இதற்கு முதல் மறுப்பு, ஜாய்ஸ்டிக்கையே இடவலமாக முறுக்கி ரடரை இயக்கலாமே என்பது. இயக்கலாம், தொடக்கத்தில் அது போதும் என்றே சொல்வேன். ஆனால் பக்கக்காற்றில் இறங்கும் கணத்தை எண்ணிப் பாருங்கள். காற்று இடப்பக்கமிருந்து வீசுகிறது. இடது இறக்கையைக் காற்றுக்கு எதிராகத் தாழ்த்த வேண்டும். அதே நேரம் மூக்கை ஓடுபாதைக்கு நேராக வைக்க வலது ரடர் வேண்டும். ஒரே மணிக்கட்டு இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே வலப்பக்கம் முறுக்க வேண்டும், கூடவே மூக்கை மெல்ல உயர்த்தவும் வேண்டும். ஒன்றைச் செய்யும்போது இன்னொன்று கலைகிறது. பெடலின் உண்மையான பயன் இந்தப் பிரிவினைதான். மேடைப் பொருள்போல விமானி அறையை அலங்கரிப்பது அல்ல.

இரண்டாவது மறுப்பு வலுவானது. நிஜ விமானத்தில் வேகம் கூடக் கூடப் பெடல் கனக்கும். மூக்கு விலகும்போது உடம்பே பக்கவாட்டில் சரிவதை இருக்கை சொல்லும். வீட்டில் இருப்பது வெறும் ஸ்பிரிங். இது உண்மை, பெடல் எவ்வளவு விலையானாலும் இந்தக் குறை முழுதாகத் தீராது. ஆனாலும் எந்தக் கால், எப்போது, எவ்வளவு என்ற ஒழுங்கைக் கண்ணைக்கொண்டே கற்கலாம். கருவிப் பலகையில் வளைந்த குழாய்க்குள் உருளும் சிறு பந்து, அது ஒதுங்கும் பக்கத்துக் காலை மிதி என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. நிஜமாக விமானம் ஓட்டப் பயிலப்போகிறவருக்கு இந்தப் பழக்கம் மதிப்புள்ளது. தரையில் செஸ்னாவைக் காலால் ஓட்ட வேண்டும் என்பதே பலருக்கு முதல் நாள் அதிர்ச்சி. கை தானாகவே காரைப் போலச் சக்கரத்தைத் திருப்பப் போகும். மணிக்கட்டு முறுக்கில் ஊறிய பழக்கத்தை அப்போது அவிழ்ப்பதைவிட, காலைத் தொடக்கத்திலேயே பழக்குவது எளிது.

பெடலே இல்லாத விமானம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஃபிரெட் வைக் வடிவமைத்து 1937இல் முதலில் பறந்த எர்கூப்பில் ரடரும் ஏலரானும் இணைக்கப்பட்டு எல்லாம் ஒரே சக்கரத்தில் அடங்கின. ஆனால் பக்கக்காற்றில் அது மூக்கைக் கோணலாக வைத்தபடியே தரைதொட வேண்டியிருந்தது. அதைத் தாங்கும்படி சக்கரக் கால்களை வடிவமைத்திருந்தார்கள். நம் சிமுலேட்டர்களில் உள்ள தானியங்கி ரடர் வசதியும் ஏறக்குறைய அதே சமரசம்தான். அது இருக்கும்வரை உங்களுக்குப் பெடல் தேவையா என்பதே தெரியாது. எனவே காசு செலவழிப்பதற்கு முன் அதை அணைத்துவிட்டு, முறுக்கு ஜாய்ஸ்டிக்கோடு உங்களுக்குப் பிடித்த விமானத்தைப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பந்து நடுவில் நின்றால், கையும் திணறாவிட்டால், பெடல் இல்லாமலே நெடுநாள் ஓட்டலாம். புறப்படும்போதெல்லாம் ஓடுபாதையை விட்டு விலகினால், அந்தரத்தில் நிற்க முயலும் ஹெலிகாப்டர் சுழன்றுகொண்டே இருந்தால், அடுத்த செலவு பெடலாக இருக்கட்டும்.

வாங்குவதென்றால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தொடக்க விலைப் பெடல்கள் சிலவற்றில் இரு மிதிகளும் நெருக்கமாக இருப்பதால் உயரமானவர்களுக்கு முழங்கால் இடிக்கும். உரசித் தேயும் பொட்டென்ஷியோமீட்டரைவிடக் காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் நீடித்து உழைக்கும். நுனிக்காலால் அழுத்தும் தனித்தனி பிரேக் செஸ்னாவுக்குத் தேவை. விகேபி நிறுவனத்தின் டி-ரடர் பெடலில் அது கிடையாது. ஆனால் ஸ்பிட்ஃபயரில் பிரேக் கைப்பிடியில்தான் இருக்கிறது என்பதால் அந்த ரசிகருக்கு அது குறையல்ல. உருளும் நாற்காலியில் உட்கார்ந்து பெடலை மிதித்தால் நாற்காலிதான் பின்னால் போகும்; சக்கரத்தைப் பூட்டவோ கழற்றவோ வேண்டும், பெடலும் தரையில் நழுவாமல் நிற்க வேண்டும். பொருத்தியதும் ஜாய்ஸ்டிக்கின் முறுக்கு அச்சைச் சிமுலேட்டர் அமைப்பில் நீக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் இரண்டு கட்டளைகளும் மோதி, பழுது பெடலில்தான் என்று எண்ண வைக்கும்.