கீழடிக்குப் போறீங்களா? குழியைத் தேடி அலையாதீங்க!

மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், வைகைக் கரையையொட்டிய தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது கீழடி. அகழாய்வுக் குழிகளில் பலவற்றை இன்று பார்க்க முடியாது.

ஏன் மூடினாங்க?

தோண்டிய இடங்களில் பல, விவசாயிகளின் சொந்த நிலம். ஆய்வு முடிந்ததும் மண் போட்டு மூடிவிடுவார்கள். வெயில், மழையில் செங்கல் கட்டுமானம் சிதையாமலிருக்க அதுவே பாதுகாப்பு.

அப்போ எதைப் பார்க்கலாம்?

2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்க. தமிழி எழுத்தில் ‘ஆதன்’ எனப் பெயர் கீறிய பானை ஓட்டைத் தவறவிடாதீங்க. இங்கு கிடைத்த கரித்துண்டு மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 6-ம் நூற்றாண்டு. அரண்மனைப் பொருள் அல்ல, அடுப்படிப் பானை. அதில் எழுத்து இருக்கிறது என்பதால்தான், எழுத்தறிவு சாமானியர் வரை பரவியிருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பக்கத்து ஊர் கொந்தகை, முதுமக்கள் தாழிகள் கிடைத்த இடுகாடு. வாழ்ந்த இடம் இங்கே, அடக்கம் செய்த இடம் அங்கே. தோப்புக்குள் நடக்கும்போது பானை ஓடு கண்ணில் பட்டால் எடுக்காதீங்க. இடம் மாறிய ஓடு காலத்தைச் சொல்லாது.