மூச்சின் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்?



ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபுறோ வளாகம் நமக்குப் புதிய இடமல்ல. பிள்ளையைக் காலையில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றிவரக் காருக்குள் காத்திருந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தமிழ் இருக்கைக்கென்று உலகெங்கும் சேர்த்த முப்பது இலட்சம் டொலர் 2021இல் நிறைவானதும் அந்த வளாகத்துக்காகத்தான். அங்கே 1984 முதல் 1989 வரை அதிபராக இருந்தவர் ரொனால்ட் வில்லியம்ஸ். நம்மவர்கள் ஸ்காபுறோவில் மெல்ல மெல்லக் குடியேறத் தொடங்கிய அதே ஆண்டுகள். ஆனால் இன்று நான் பேச வந்தது அந்த அதிபர் பதவியைப் பற்றியல்ல. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1955இல், இளம் ஆய்வாளராக அவர் செய்த ஒரு வேலையைப் பற்றி.

மூச்சு விடுவது என்றதும் நாங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவோம். நுரையீரல் வெறும் வாசற்படிதான். உண்மையான சுவாசம் ஒவ்வொரு கலத்துக்குள்ளும், இழைமணி என்னும் மிகச் சிறிய உறுப்புக்குள் நடக்கிறது. நாங்கள் உண்ட சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் கழற்றப்பட்ட இலத்திரன்கள் அங்கே ஒரு நொதியத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக் கைமாறிச் செல்கின்றன. கடைசியில் அவற்றை வாங்கிக்கொள்வது ஒட்சிசன். வாங்கியதும் அது தண்ணீராகிவிடுகிறது. நாங்கள் ஒட்சிசனை உள்ளிழுப்பதன் முழுக் காரணமும் ஏறக்குறைய இவ்வளவுதான்: வரிசையின் கடைசியில் இலத்திரனை வாங்க ஓர் ஆள் வேண்டும்.

அந்தக் கடைசிக் கைமாற்றைச் செய்யும் நொதியத்தில் இரும்பு இருக்கிறது. சயனைட்டு போய் ஒட்டிக்கொள்வது அந்த இரும்பில்தான். ஒட்டினால் இரத்தத்தில் ஒட்சிசன் நிறைய இருந்தும் கலம் மூச்சுத் திணறும். ஊரில் மரவள்ளிக்கிழங்கு அவிக்கும்போது சட்டியை மூடாதே என்று அம்மாமார் சொன்னது நினைவிருக்கும். 1970களில் மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்தபோது அந்தக் கிழங்கை நம்பியே பல வீடுகள் இருந்தன. கிழங்கிலிருந்து கிளம்பும் ஐதரசன் சயனைட்டு ஆவியாகிப் போக வழி வேண்டும். இலத்திரன் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களும் இந்த நொதியத்தைக் காப்பாற்றத்தான் மூடியைத் திறந்து வைத்தார்கள்.

இந்த நொதியங்களை முதலில் ஒழுங்காகக் கண்டவர் கேம்பிறிட்ஜில் இருந்த டேவிட் கீலின். 1925இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் வாசிக்கச் சுவையானது. உயிருள்ள ஓர் அந்துப்பூச்சியின் சிறகுத் தசையூடாக ஒளியைச் செலுத்தி நிறமாலைகாட்டியால் பார்த்தார். பூச்சி சிறகை அடித்துப் போராடும்போது கரும்பட்டிகள் தோன்றின. ஓய்ந்தபோது மங்கின. அந்த நிறப்பொருள்களுக்கு அவர் சைற்றோகுறோம் என்று பெயர் வைத்தார். இலத்திரனைக் கையில் வைத்திருக்கும்போது ஒரு நிறம், கொடுத்துவிட்டால் வேறொரு நிறம். அதாவது வரிசையில் யார் கை நிறைந்திருக்கிறது, யார் கை வெறுமையாக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம்.

வில்லியம்ஸ் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பிரிற்றன் சான்ஸ் என்பவரோடு சேர்ந்தார். சான்ஸ் ஒரு விசித்திரமான மனிதர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் தங்கப்பதக்கம் வென்றவர், ஆய்வுக்கருவிகளையும் தம் கையாலேயே அமைப்பவர். கலங்கலான திரவத்திலும் மிக நுண்ணிய நிறமாற்றத்தை அளக்கும் கருவி அவரிடம் இருந்தது. எலியின் ஈரலிலிருந்து பிரித்தெடுத்த இழைமணிகளை இருவரும் அதில் வைத்தார்கள். ஒட்சிசன் இருக்கிறது, எரிபொருளும் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் சுவாசம் மந்தமாகவே நடந்தது. பிறகு ஏ.டி.பீ. என்ற பொருளைச் சிறிது சேர்த்தார்கள். உடனே சுவாசம் பல மடங்கு வேகமெடுத்தது. சேர்த்தது தீர்ந்ததும் மறுபடி மந்தமானது.

ஏ.டி.பீ. என்பது செலவழிந்த சக்தி நாணயம். தசை சுருங்கும்போதும் மூளை வேலை செய்யும்போதும் ஏ.ரீ.பீ. செலவாகி ஏ.டி.பீ. ஆகிறது. அதை மறுபடி ஏ.ரீ.பீ. ஆக்குவதுதான் இழைமணியின் வேலை. ஆக, செலவு வந்தால்தான் அடுப்பு எரியும். விறகை அடுக்குவதால் மட்டும் எரியாது. நேயர்களே, நீரிழிவு இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் சமூகத்துக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தியல்ல. இரண்டாம் முறை போட்டுக்கொண்ட சோறு உடம்பில் தானாக எரிந்துவிடாது, எரியாதது சேமிப்புக்குத்தான் போகும். படியேறும்போது எரியும்.

அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 401 நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் தடை என்றால் அதற்கு முன்னே கார்கள் முட்டிக்கொண்டு நிற்கும், அதற்கு அப்பால் சாலை வெறிச்சோடியிருக்கும். மேலே ஹெலிகொப்ரரில் இருப்பவருக்குத் தடை எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதேபோல, ஏ.டி.பீ. இல்லாதபோது எந்தச் சைற்றோகுறோம் வரை இலத்திரன் நெரிசல், எங்கிருந்து வெறுமை என்று நிறத்தைப் பார்த்தே ஏ.ரீ.பீ. உருவாகும் இடங்களை ஊகித்தார்கள். அந்த இடங்களில் எப்படி உருவாகிறது என்பதற்குப் பீற்றர் மிச்சல் 1961இல் விளக்கம் தந்து, 1978இல் நோபல் பரிசு பெற்றார்.

செலவு வந்தால்தான் எரியும் என்ற இந்தக் கட்டுப்பாட்டை உடைக்க ஒரு வழி உண்டு. டைநைத்திரோபீனோல் என்ற மஞ்சள் தூள். அது சேர்ந்தால் ஏ.டி.பீ. இல்லாமலே இலத்திரன்கள் கட்டற்று ஓடும். ஏ.ரீ.பீ. உருவாகாது, சக்தி முழுவதும் வெப்பமாகும். 1930களில் அமெரிக்காவில் இதை உடம்பு மெலியும் மருந்தாக விற்றார்கள். மெலிந்தார்கள், உண்மை. சிலர் உடல் வெப்பம் ஏறி இறந்தும் போனார்கள், சிலருக்குக் கண்ணில் புரை வந்தது. 1938இல் அது அங்கே நிறுத்தப்பட்டது. ஆனால் இணையத்தில் இன்னும் கிடைக்கிறது, அதை வாங்கி விழுங்கி இறந்த இளையோர் பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்திருக்கின்றன. இதற்கு மாற்றுமருந்து கிடையாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பெயரை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

வில்லியம்ஸ் பிறகு ரொறொன்ரோ வந்து உயிரிரசாயனத் துறையில் பேராசிரியராகி, அத்துறைக்குத் தலைமையும் ஏற்றார். அதன் பின்னர்தான் ஸ்காபுறோ. 1955இல் அவரும் சான்ஸும் இழைமணியின் சுவாசத்தை ஐந்து நிலைகளாக எண்ணிட்டார்கள். ஏ.டி.பீ. கிடைத்து விரைவது மூன்றாம் நிலை, தீர்ந்து ஓய்வது நான்காம் நிலை. எழுபது ஆண்டுகளாகியும் ஆய்வுகூடங்களில் அந்த எண்கள் மாறவில்லை. உங்கள் பிள்ளை உயிரிரசாயனம் படிப்பவராயின் இன்றிரவு கேட்டுப் பாருங்கள், மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் என்ன என்று.