ஒரே நாய், வேறு வேறு வேர்

ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் ம்பாபரம் என்றொரு மொழி இருந்தது. 1960களில் அதைத் தேடிப் போனார் மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன். அந்த மொழி தெரிந்த கடைசி ஆட்களில் ஒருவரான ஆல்பர்ட் பென்னட் என்ற முதியவரிடம் சொற்களைக் கேட்டார். நாய்க்கு அவர் சொன்ன சொல்: 'டொக்'.

ஆங்கில 'டாக்' ஒலிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். வெள்ளைக்காரர் சொல் தொற்றிக்கொண்டது, பழைய சொல் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். டிக்சனுக்கும் மனம் சோர்ந்துபோனது.

உண்மை வேறு. அக்கம்பக்கத்து யிடிஞ் மொழியில் நாய் 'குடக'. ம்பாபரத்தில் சொல்லின் முதலில் 'க்' ஒலி வந்தால், அடுத்த அசையின் 'அ' 'ஒ' ஆகும்: 'குடொக'. பிறகு முதல் அசை உதிரும்: 'டொக'. கடைசி உயிரும் போனால் 'டொக்'. நாய்க்கு மட்டும் நடந்த விந்தையல்ல இது. வயிற்றைக் குறிக்கும் 'பம்ப' என்ற சொல்லும் இப்படித்தான் தலையை இழந்து 'ம்ப' ஆனது.

நம் பக்கத்திலேயே பாருங்கள். பால் கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. முதல் ஒலி பொருந்தவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பொருந்தாமல் போகிறது. உறவுக்கு இதைவிட உறுதியான சாட்சி கிடையாது. 'அப்பா' கொரிய மொழியிலும் அப்பாதான் என்று நாம் பூரித்துப்போகிறோம். ஆனால் உதடு சேர்ந்து பிரிந்தாலே வருகிற ஒலி அது. உலகில் எந்தக் குழந்தைக்கும் எளிது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தகப்பன், 'தெதா' என்றால் தாய்! உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள். வாய் எழுப்பும் ஒலிகளோ கொஞ்சம். குட்டிச் சொற்கள் தற்செயலாக மோதிக்கொள்ளத்தான் செய்யும். கட்டுமரம் போன்ற நீளச் சொல் அப்படி மோதாது. ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' நம்மிடமிருந்து கடல் வழியே போன சொல்தான்.

ஆங்கிலத்தில் நாய்க்குப் பழைய பொதுச்சொல் 'ஹுண்ட்'. ஜெர்மன்காரர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். 'டாக்' அதன் பழைய வடிவமான 'டொக்கா'வாகப் பழைய ஏடுகளில் அரிதாகத் தலைகாட்டி, பின்னர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் வேர் எது என்பது இன்றுவரை தீராத புதிர். எழுத்தே இல்லாதிருந்த ம்பாபரத்தின் 'டொக்' எந்த வழியாக வந்தது என்பதோ அடி அடியாகத் தெரியும்.