ஒலி வடம் ஓசையை மாற்றுமா?

மொழிக்குரிய சொற்பொழிவு வரிசையில் செம்புக் கம்பியைப் பற்றிப் பேச இடமுண்டா என்னும் ஐயம் எழலாம். உண்டு என்றே கருதுகிறோம். வடம் விற்பவர் ‘ஒலி தெளிவாகும்’ என்கிறார். வாங்கியவர் ‘இனிமை கூடிற்று’ என்கிறார். அறிவியல் கற்றவர் ‘ஒன்றும் மாறாது’ என்கிறார். மூவரும் மாறுதலைப் பற்றியே பேசுகின்றனர்; ஆனால் எது மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லின் பொருளை வரையறுத்துக்கொண்டால் வழக்கில் பாதி தீரும். எஞ்சிய பாதியை அளந்து தீர்க்கலாம். தானா ராத்தாவிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வீட்டில் பாட்டுக் கேட்போர்க்கும், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுவோர்க்கும் இது பணத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆம்ப்ளிஃபையர் என நாம் வழங்குவது மின்பெருக்கி. ஸ்பீக்கர் என வழங்குவது ஒலிபெருக்கி. இவ்விரண்டையும் இணைப்பது வடம். வடத்தினுள் ஓடுவது ஒலியன்று, மின்னோட்டமே. ஆகவே ‘வடம் ஓசையை மாற்றுமா?’ என்பதன் உண்மைப் பொருள், ‘மின்னோட்டத்தின் வடிவத்தை வடம் காதுக்குப் புலப்படும் அளவில் மாற்றுமா?’ என்பதே.

வடம் குறிகையை மாற்றியதற்கு வரலாற்றில் பெருஞ்சான்று உண்டு. 1858ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலடியில் இடப்பட்ட முதல் தந்தி வடத்தின் வழியே, நூறு சொல்லுக்கும் குறைவான விக்டோரியா அரசியாரின் வாழ்த்துச் செய்தி சென்று சேரப் பதினாறு மணி நேரம் ஆயிற்று. சில வாரங்களில் அவ்வடம் பழுதாகி ஓய்ந்தது. உள்ளே செம்பு, வெளியே கடல்நீர், இடையே காப்புறை என அமைந்த அவ்வடம் ஒரு நீண்ட மின்தேக்கியாகச் செயற்பட்டது. ஒவ்வொரு குறியும் பரந்து விரிந்து அடுத்த குறியோடு கலந்தது. இத்தாமதம் நீளத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதை, பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் அதற்கு முன்பே கணித்துக் காட்டியிருந்தார்.

அக்காலக் கடலடி வடங்களின் காப்புறை நம் தீபகற்பத்துக் காடுகளோடும் தொடர்புடையது. கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பாலே அவ்வுறை. அதன் பெயரும் மலாய்ச் சொல்லே. 1870-71இல் சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் கடலடி வடம் இணைத்தது.

அவ்வடங்களுக்கு உண்மையாயிருந்தது வீட்டுக் கூடத்துக்கும் உண்மையா? தாம்சனின் விதியே விடை தருகிறது. 3,000 கிலோமீட்டர் வடத்தில் மூன்று மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டால் நீளம் ஒரு மில்லியன் மடங்கு குறைகிறது. தாமதமோ மில்லியனின் இருமடியாகக் குறைகிறது. கடலளவில் பேருருக் கொண்ட குறை, கூடத்தளவில் இல்லாததற்கு ஒப்பாகிவிடுகிறது.

இனி மின்தடையைக் காண்போம். மின்பெருக்கியிலிருந்து ஒலிபெருக்கி ஐந்து மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். போக ஒன்று, வர ஒன்றாகக் கம்பியின் மொத்த நீளம் பத்து மீட்டர். குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர் உள்ள சாதாரணச் செம்புக் கம்பியில் மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியில் இதனால் நேரும் இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு. இதைக் காது பிரித்தறிவது அரிது. 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.4 டெசிபெல்லை நெருங்கும். அதனினும் மெல்லிய கம்பியை நெடுந்தொலைவுக்கு இழுத்தால் வேறுபாடு கேட்கவே செய்யும். ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாயிராது. ஆதலால் இழப்பும் சீராக இராமல், தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் உள்ள சமநிலை குலையும். ஆக, தடித்த செம்புக் கம்பியே போதும். அதற்குமேல் தரும் விலை ஓசைக்கன்று, உறையின் அழகுக்கே.

கோயில் திடலுக்கு வந்தால் விடை மாறுகிறது. நூறு மீட்டர் தொலைவிலுள்ள 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தால் மின்தடை ஏறத்தாழ 7 ஓம். மின்பெருக்கி தரும் ஆற்றலில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு கம்பியிலேயே வெப்பமாகிக் கழிகிறது. இதனாலேயே பெரிய திடல்களில் 100 வோல்ட் முறை கையாளப்படுகிறது: மின்னழுத்தத்தை உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்பி, ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் சிறு மின்மாற்றி கொண்டு மீட்கின்றனர். நாட்டு மின்கம்பிகளில் உயர் மின்னழுத்தம் ஓடுவதும் இக்காரணம் பற்றியே.

மேட்டுநிலத்துக்கு உரிய மற்றொரு காரணமும் உண்டு. பனிமூட்டமும் ஈரமும் மிக்க இவ்விடத்தில் செம்பு முனைகள் விரைவில் கறுக்கும். நாட்பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். பழைய வடத்தைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியதும் ஓசை தெளிவானதாகச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஆயினும் ஓசையை மீட்டது வடத்தின் விலையன்று. தூய முனையும் இறுகிய இணைப்புமே. பழைய முனையைச் சுரண்டித் துடைத்து இறுக்கியிருந்தாலும் அதே பயன் கிட்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பின்னும் ‘என் காது கேட்கிறதே’ என்பவர்க்கு என்ன விடை? காதை இகழ்வது விடையாகாது; காதுக்கு நேரிய தேர்வு வைப்பதே விடை. விலையறிந்து கேட்கும் காது எதிர்பார்ப்போடு கேட்கிறது. மிகச் சிறிதளவு உரப்புக் கூடினாலும், அது உரப்பாகத் தோன்றாமல் தெளிவாகத் தோன்றுவதுண்டு.

இத்தேர்வை வகுப்பறையிலேயே நடத்தலாம். இரு வடங்களையும் திரைக்குப் பின்னால் வையுங்கள். ஒலியின் அளவைக் கருவியால் சமமாக்குங்கள். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் மற்றொன்று எனப் பத்து முறை ஒலிக்கச் செய்யுங்கள். வடத்தை மாற்றுபவர் கேட்பவர் கண்ணில் படலாகாது. பத்தில் ஒன்பதோ பத்தோ ஊகத்தாலேயே சரியாக அமையும் வாய்ப்பு 1024இல் 11 மட்டுமே. அத்துணைச் சரியாகச் சொல்பவர் உண்மையிலேயே எதையோ கேட்கிறார். அது யாது என்று அளந்து காண்க. ஐந்தோ ஆறோ சரியானால், வேறுபாடு கேட்டதற்கு அது சான்றாகாது.

விடையைச் சுருக்கிச் சொல்வோம். வடம் ஓசையை மாற்றும். நீளமும் மென்மையும் மிகும்போதும், முனை களிம்பேறும்போதும் மாற்றும். சில மீட்டர் நீளமுள்ள தடித்த, தூய வடம் மாற்றாது. வீட்டில் ஓசை நிறைவு தரவில்லையெனில் ஒலிபெருக்கியை மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள். தாழ்ந்த ஒலியில் நேரும் மாறுதல் யார்க்கும் புலப்படும், செலவும் இல்லை. ‘மாறும்’ என்று எவர் சொன்னாலும் ‘எது, எவ்வளவு?’ என்று வினவும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டினால், அது வடத்தோடு நில்லாது. மருந்து முதல் விளம்பரம் வரை அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கூற்றுக்கும் துணைநிற்கும்.