ஆறு வார எலுமிச்சம்பழமும் ஐந்து நிமிடப் படமும்

போன ஞாயிற்றுக்கிழமை. மாங்காட்டில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம். அக்கா மகன் வந்தான். இருபத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். வந்ததும் சமையலறைக்குள் நுழைகிறவன், அன்று நேராக என் எதிரே உட்கார்ந்தான். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. (கடன் கேட்க வருகிறவன் முகத்தை பி.காம். படித்தவன் கண்டுபிடித்துவிடுவான்.)

"மாமா, ஆன்லைன்ல ஒரு குறும்படப் போட்டி. அஞ்சே நிமிஷம். பட்ஜெட் நாற்பதாயிரம்."

"பணம்?"

"அம்மா செயினை வைக்கலாம்னு இருக்கேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

அந்தச் செயின் அக்கா கல்யாணத்துக்கு எங்கப்பா போட்டது. பேசாமல் பட்ஜெட்டை வாங்கிப் பார்த்தேன். கேமரா, லென்ஸ் வாடகை 18,000. கோபுரத்துக்கு மேலே பறக்க ட்ரோன் 9,000. டைட்டில் கிராஃபிக்ஸ் 6,000. சாப்பாடு, டீ 5,000. இதர செலவு 2,000. கூட்டல் சரியாக இருந்தது.

"மைக்?"

"அது கேமராவிலேயே இருக்கே மாமா."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் அவனுக்குச் சொன்ன யோசனைகள். ஆபீஸ் போய்க்கொண்டே படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில், ஆசை தப்பே இல்லை. லோகேஷ் கனகராஜ் பேங்க் வேலையில் இருந்தவர்தான். கார்ப்பரேட் ஊழியர்களுக்கான குறும்படப் போட்டியில் கலந்துகொண்டார். நடுவராக வந்த கார்த்திக் சுப்புராஜ் கண்ணில் பட்டார். 2016-ல் 'அவியல்' குறும்படத் தொகுப்பில் ஒரு படம், 2017-ல் 'மாநகரம்'. அந்த கார்த்திக் சுப்புராஜும் சாஃப்ட்வேர் வேலையிலிருந்து கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' வழியாக 2012-ல் 'பீட்சா'வுக்கு வந்தவர். ஆகவே போட்டிக்கு அனுப்புங்கள். ஆனால் ரிசல்ட் வருவதற்கு முன்னால் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

இரண்டாவது, ஐந்து நிமிடத்தில் ஒரு விஷயம்தான் சொல்ல முடியும். 1895-ல் பிரான்ஸில் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்களில் ஒன்று: தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். ஒரு பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்க, பையன் காலை எடுக்க, முகமெல்லாம் தண்ணீர்! மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. (நம்ம ஏரியாவில் யாரும் மிதிக்க வேண்டியதில்லை. குழாயில் தானாகவே தண்ணீர் வராது.) நம் பையன் கதையிலோ காதல், கடத்தல், கந்துவட்டி, கடைசியில் கனவு. இது குறும்படம் இல்லை, ஸார், கூட்டுக் குடும்பம்.

மூன்றாவது, கேமராவுக்கு வாடகை வேண்டாம். கையிலிருக்கும் போன் போதும். போட்டிக்காரர்கள் செங்குத்தாகக் கேட்டாலொழியப் படுக்கவைத்தே பிடியுங்கள். ஜன்னல் வெளிச்சம் நடிகர் முகத்தில் விழட்டும், முதுகில் விழ வேண்டாம்.

நான்காவது, அனுமதி. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022-ல் ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது. எனவே மாங்காடு காமாட்சி சன்னதியில் ஹீரோயின் அறிமுகம் நடக்காது. ட்ரோனுக்கு 2021-லிருந்து தனி விதிகள். நமக்குப் பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம் வேறு. எலுமிச்சம்பழம் விற்கிற அம்மாவை எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடுங்கள். அவர் வியாபாரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார், உங்கள் படத்தில் காமெடி பண்ண இல்லை. சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட்டாதீர்கள். யாருக்குச் சொந்தமான பாட்டு என்று யூடியூப் தானாகவே கண்டுபிடித்துவிடும்.

ஐந்தாவது, கடைசி நாளில் அனுப்பாதீர்கள். ஜூலை 31 ராத்திரி வருமானவரி ரிட்டர்ன் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மைக் சமாசாரம்.

2013-ல் நானும் ஒரு படம் எடுத்தேன். தீபாவளி போனஸ் மொத்தமும் கேமரா வாடகைக்குப் போயிற்று. கதை: ரிட்டயர்டு ஹெட்கிளார்க் ஒருவர், தான் உயிரோடு இருப்பதாக சர்டிஃபிகேட் கொடுக்கப் போகிறார். நடித்தது எங்கப்பா. அவரும் ரிட்டயர்டு ஹெட்கிளார்க்தான். குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் ஷூட்டிங். நான் எழுதிய வசனத்தை அப்பா பேசவேயில்லை. சொந்தமாக ஏதோ சொன்னார். கூட இருந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், பூந்தமல்லி போகிற பஸ்களின் ஹாரன் மட்டும் ஸ்பஷ்டமாகக் கேட்டது. 'ஒலி தெளிவாக இல்லை' என்று போட்டியில் திருப்பிவிட்டார்கள்.

2016-ல் அப்பா போய்விட்டார். அவர் பேசுகிற வீடியோ எங்களிடம் அது ஒன்றுதான். திவசத்தன்று அம்மா அதைப் போடச் சொல்லுவாள். போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "ஏதோ சொல்றாருடா" என்பாள். என்ன சொன்னார் என்று அன்றைக்குச் சிரித்த எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அதனால்தான் சொல்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் காலர் மைக் கிடைக்கிறது. அதுவும் முடியாதா? இன்னொரு போனில் ரெக்கார்டரைப் போட்டு, ஏரோப்ளேன் மோடில் வைத்து, நடிகரின் சட்டைப் பையில் செருகுங்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள், பிறகு படத்தையும் ஒலியையும் சேர்ப்பது சுலபம். ஃபேனை நிறுத்துங்கள். முக்கியமாக, நடித்தவர் கிளம்புவதற்கு முன்பே ஹெட்போன் மாட்டி முழுக்கக் கேளுங்கள். அவர் இருக்கும்போது இன்னொரு டேக் கேட்கலாம்.

பையன் பேசாமல் பேனாவை எடுத்தான். கேமரா, ட்ரோன், கிராஃபிக்ஸ் எல்லாம் அடித்தாயிற்று. மைக் 1,000. டீ 500. ஆக மொத்தம் 1,500. செயின் அக்கா கழுத்திலேயே இருக்கிறது.

"கதை, மாமா?"

"உள்ளே உங்க பாட்டி இருக்காங்க. தாத்தாவைப் பத்திப் பேசச் சொல்லு. நடுவுல நீ வாயைத் திறக்காதே."

அடுத்த ஞாயிறு ஷூட்டிங். அம்மா இப்போதே காமாட்சிக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வேண்டிக்கொண்டுவிட்டாள்.

"பேரன் ஜெயிக்கணும்னாம்மா?"

"அதுக்கில்லடா. ஞாயித்துக்கிழமை யாரும் ஹாரன் அடிக்காம இருக்கணும்."